ஒரே பச்சைப் புள்ளித் துணியை மூன்று தடவை வாங்கிவிட்டேன்: துணிக் கணக்கு எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

திங்கள்சந்தைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தைக்குப் பக்கம். வீட்டில் இருந்தே தைக்கிறேன். பிளவுஸ், நைட்டி, பிள்ளைகளின் பாவாடை சட்டை. கடை கிடையாது, போர்டும் கிடையாது. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் தைத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை கோட்டாறு போயிருந்தேன். வாங்கப் போனது இரண்டு பாபினும் ஒரு ஜிப்பும். வழியில் ஒரு கடையில் கரும்பச்சையில் கடுகளவு வெள்ளைப் புள்ளி போட்ட கேம்ப்ரிக் கண்ணில் பட்டது. கையில் எடுத்ததுமே சின்னவளுக்கு ஒரு கவுன் என்று மனசுக்குள் தைத்தே முடித்துவிட்டேன். இரண்டரை மீட்டர் வெட்டச் சொல்லி வாங்கி வந்தேன். பீரோவில் வைக்கப் போனால் அதே துணி, அதே புள்ளி, இரண்டு மீட்டர் அங்கே உட்கார்ந்திருக்கிறது. சரி, எல்லாருக்கும் நடப்பதுதானே என்று மூத்தவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு அட்டைப்பெட்டியை இழுத்து இன்னொன்றை எடுத்துப் போட்டாள். அது ஒன்றேகால் மீட்டர். மூன்று தடவையும் அதே கவுனைத்தான் நினைத்து வாங்கியிருக்கிறேன் என்பதுதான் எனக்கு வெட்கம். சின்னவள் இப்போது ஏழாம் வகுப்பு. கவுன் போடுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

என் துணி இருக்கும் இடங்களைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். பீரோவின் கீழ்த்தட்டு இரண்டு. கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப்பெட்டி. மச்சில் என் அம்மாவின் ட்ரங்குப் பெட்டி. அப்புறம் அரங்கில் (உள்ளறையில்) ஒரு பத்தாயம். இவர் வீட்டு முன்னோர் நெல் போட்டு வைத்த பத்தாயம், இப்போது நெல்லும் இல்லை, வயலும் இல்லை, லைனிங் துணி கிடக்கிறது.

கணக்கு வைக்காமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு துணியிலும் தபால்தலை அளவு வெட்டி, ஸ்டேப்ளர் அடித்து, எத்தனை மீட்டர், என்ன விலை, எங்கே வாங்கியது என்று எழுதினேன். இரண்டு மாதம் அழகாக ஓடியது. அப்புறம் ஆடிச்சாரலில் ஸ்டேப்ளர் பின் எல்லாம் துருப்பிடித்து, மாதிரித் துணி ஒவ்வொன்றிலும் இரண்டு காவிப் பொட்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நோட்டு பொய் சொல்ல ஆரம்பித்ததுதான் பொறுக்கவில்லை. துணியை வெட்டும்போது எழுத மறந்துவிடுகிறேன். மெரூன் லைனிங் மூன்று மீட்டர் என்று நோட்டில் இருந்தது. அதை நம்பி, கல்யாணத்துக்கு மூன்று பிளவுஸ் கொடுத்த ஒருவரிடம் லைனிங் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். பத்தாயத்தைத் திறந்தால் 60 சென்டிமீட்டர். முந்தின நாள் ராத்திரி அதே நிறத்தைத் தேடித் தக்கலை வரை ஓடினேன்.

நான் கேட்பது இதுதான். பொய் சொல்லாத கணக்கு ஒன்றை எப்படி வைக்கிறீர்கள்? அடுக்குகிற படம் யூடியூபில் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் வீட்டில் நம்ம ஊர் மழை பெய்வதாகத் தெரியவில்லை. ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் என் துணியெல்லாம் பூசண வாடை அடிக்கிறது. அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

---

மார்த்தாண்டம் மினி:

அக்கா, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி பெரிசாக ஆறு வாங்குங்கள். துணியைச் சின்னதாக மடித்துப் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்தால் எல்லாமே ஒரே பார்வையில் தெரியும், ஒன்றை எடுத்தாலும் மற்றது குலையாது. பெட்டிக்கு நாலு பாச்சா உருண்டை. நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன், நோட்டெல்லாம் கிடையாது.

பச்சைப் புள்ளி எனக்கும் ரொம்பப் பிடிக்கும்!

---

தக்கலை பழைய டீச்சர்:

மக்களே, உன் கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நான் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து ரொம்ப வருஷம் ஆயிற்று. ஒரே துணியை மூன்று தடவை வாங்காத தையல்காரியை இன்னும் பார்க்கவில்லை.

நோட்டைக் குற்றம் சொல்லாதே. நோட்டில் நீ எழுதிய சங்கதிகளில் மாறாதது உண்டு, மாறுவது உண்டு. என்ன துணி, எத்தனை பன்னா (எத்தனை அங்குல அகலம்), எங்கே வாங்கியது, என்ன விலை, இதெல்லாம் ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான். மீட்டர் அப்படி இல்லை, கத்தரி வைக்கிற ஒவ்வொரு தடவையும் மாறும். மாறுகிற கணக்கு நோட்டில் இருக்கக் கூடாது, துணியோடு இருக்க வேண்டும். வெட்டுகிற நேரத்தில் துணி கையில் இருக்கும், நோட்டு இருக்காது.

நான் செய்வதைச் சொல்கிறேன். கல்யாணக் கார்டு வீட்டில் குவிந்து கிடக்குமே, அதன் வெள்ளைப் பக்கத்தை இரண்டு விரல் அகலச் சீட்டாக வெட்டிக்கொள். சீட்டின் தலையில் நம்பர், அடுத்து பன்னா, கீழே மீட்டர். 36 பன்னாவையும் 44 பன்னாவையும் சேர்த்துக் குழப்பினால் மீட்டர் எழுதியும் பிரயோசனம் இல்லை. இரண்டு மீட்டர் 36 பன்னாவில் உன் அளவுக்கு முழுக்கை டாப் வராது. சீட்டைத் துணியின் ஓரக்கரையில் நூலால் நாலு தையல் போட்டுப் பிடித்துவிடு. பின் வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம். வெட்டினால் பழைய மீட்டரை அடித்து மிச்சத்தை எழுது.

அதையும் மறப்பாய், தெரியும். அதனால் என் துணி வெட்டும் கத்தரிக்கோலின் கைப்பிடியில் ஒரு சின்னப் பென்சிலை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வெட்டும்போது அது கையில் இடித்துக்கொண்டே இருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். எரிச்சலுக்காகத்தான் கட்டியது.

நோட்டில் நம்பர், மாதிரித் துணி, இருக்கும் இடம் மட்டும் போதும். மாதிரியைப் பசை வைத்து ஒட்டு. பசை மைதாக் கஞ்சியாக இருந்தால் பூச்சி வரும், கடையில் வாங்கிய பசையே நல்லது.

அளக்க ஒரு சோம்பேறி வழி. 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு அட்டை வெட்டிக்கொண்டு துணியை நீளவாக்கில் அதன் மேல் சுற்று. ஒரு சுற்று அரை மீட்டர். எட்டுச் சுற்று வந்தால் நாலு மீட்டர். சுற்றச் சுற்றத் தடிமன் கூடுவதால் உண்மையில் கொஞ்சம் கூடவே இருக்கும். குறையாது, அதுதான் நமக்கு வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று பார்க்கப் பிரிக்கக்கூட வேண்டாம், விளிம்பில் மடிப்பை எண்ணினால் போதும்.

எல்லாத் துணிக்கும் சீட்டுப் போடாதே, பைத்தியம் பிடித்துவிடும். ஒரு முழத்துக்குக் கீழே வந்துவிட்டால் அது பிட் பை. கணக்கில் சேராது. பைப்பிங்குக்கும் கிராஸ் பட்டிக்கும் அங்கேதான் கை போக வேண்டும்.

இன்னொரு பழக்கம். கோடித் துணியை வாங்கியதும் நனைத்துக் காயப்போட்டால் ஓரக்கரையின் மூலையை முக்கோணமாகச் சின்னதாக நறுக்கிவிடுவேன். மூலை போயிருந்தால் நனைத்தது, முழுசாக இருந்தால் நனைக்காதது. பருத்தியும் சுருங்கும், ரேயான் அதைவிடச் சுருங்கும். நனைக்காத மூன்று மீட்டரை மூன்று மீட்டர் என்று நம்பக் கூடாது.

என் பெரியம்மா லேஸ் பின்னுகிறவள். நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் அம்மையார் 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து நம்ம பக்கத்தில் அந்தக் கைவேலை உண்டு. பெரியம்மா முடித்த வெள்ளை லேஸை நீலத்தாளில் சுற்றி, தாளின் மேல் எத்தனை முழம் என்று எழுதித்தான் பெட்டியில் வைப்பாள். எண்ணிக்கை எப்போதும் சரக்கோடு. அவளிடம் நோட்டே கிடையாது, எழுத்தும் அவ்வளவாகத் தெரியாது.

---

ஆரல்வாய்மொழி நூல்காரன்:

தங்கச்சி, நான் தைக்கிறவன் இல்லை. வீட்டுக்காரி தைப்பாள், நான் பெட்டி தூக்குவேன். ஆனால் நூல் மில்லில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், ஈரத்தைப் பற்றி மட்டும் சொல்லலாம்.

மினி சொன்ன பிளாஸ்டிக் பெட்டி நல்லதுதான், மூடுகிற நாள் சரியாக இருந்தால். பருத்தி காய்ந்தது என்று நாம் சொல்லும்போதும் அதற்குள் தண்ணீர் இருக்கும். நூல் வியாபாரத்தில் உலர்ந்த எடைக்கு 8.5 சதவீதம் ஈரம் என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பாலியெஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான். காற்றில் ஈரம் கூடினால் பருத்தி இன்னும் குடிக்கும். ஆடி மாதம் சாரல் அடிக்கிற நாளில் துணியை மடித்துப் பெட்டியில் போட்டு மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். பூசணத்துக்கு அதைவிட நல்ல வீடு வேறே இல்லை. உங்கள் பத்தாயத்துக்கும் இதே கதைதான். நெல்லைக் காயவைத்துத்தானே போட்டார்கள்?

மற்ற மாவட்டக்காரர்கள் பலருக்கு வருஷத்துக்கு ஒரு மழைக்காலம், நமக்கு இரண்டு. அதனால் பெட்டியைத் திறக்கிற நாள் மாசி பங்குனி. நல்ல வெயில் நாளில் காலையில் விரித்து, சாயம் போகிற துணியை நிழலில் போட்டு, மாலையில் உடனே மடிக்காமல் சூடு ஆறியபின் மடித்து மூடுங்கள். எங்கள் ஊரில் காற்றாலை சுற்றுகிற காற்றுக்கு ஒரு மணி நேரம் போதும். உங்கள் பக்கம் அரை நாள் ஆகும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் தள்ளி வையுங்கள். மழைச்சாரல் அடிக்கிற மேற்குச் சுவர் என்றால் பீரோவை வேறு சுவருக்கே மாற்றிவிடுங்கள்.

கஞ்சி போட்ட துணியைக் கஞ்சியோடு வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு வேண்டியது அந்தக் கஞ்சிதான், கூடவே பருத்தியையும் ரேயானையும் அரிக்கும். டீச்சரம்மா சொன்னபடி நனைத்து வைத்தால் மில் கஞ்சியும் போய்விடும்.

பாச்சா உருண்டை பற்றி ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளுக்குத் தைப்பதாகச் சொன்னீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கிற குழந்தைகள் உண்டு. நாப்தலீன் வாடை ஏறிய துணி பட்டால் அவர்களுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கைக்குழந்தைத் துணிப் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். என் வீட்டில் மாறாமலைக் கிராம்பைத் துணியில் முடிந்து போடுவாள். வாசனை நன்றாக இருக்கும். பூச்சியை அது விரட்டும் என்று நம்பிக் கதவைச் சாத்திவிட்டு இருக்க முடியாது, மாதம் ஒருமுறை திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

அளக்க இன்னொரு வழி: தராசு. ஒரே துணியில் அளந்த இரண்டு மீட்டர் 270 கிராம் இருந்தால், அதே துணியின் அளக்காத சுருட்டு 400 கிராம் என்றால் மூன்று மீட்டருக்கு ஒரு சாண்கூடக் குறையாது. அடுக்களைத் தராசு போதும். மழைநாளில் நிறுத்தால் கொஞ்சம் கூடக் காட்டும், மேலே சொன்ன அதே காரணம்தான்.

---

திங்கள்சந்தைக்காரி:

டீச்சர், பென்சிலைக் கட்டிவிட்டேன். முதல் நாளே கண்ணைக் குத்தப் பார்த்தது. நூலைக் குட்டையாக்கினேன்.

அண்ணாச்சி, பத்தாயம் சங்கதி சரி. நெல்லைக் காயவைத்துப் போட்டார்கள், நான் துணியைச் சும்மா திணித்திருக்கிறேன்.

இன்னொன்று கேட்க விட்டுப்போயிற்று. அம்மாவின் ட்ரங்குப் பெட்டி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மச்சு ஓடு நாலைந்து பறந்து, பெட்டி மேல் தண்ணீர் ஒழுகியது. மேலே இருந்த துணியை அப்போது காயப்போட்டேன், அடியில் இருந்ததைத் தொடவே இல்லை. அம்மா போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது திறக்கலாம் என்று இருக்கிறேன். என்ன துணி என்றே தெரியாதவை அதில் நிறைய இருக்கும். எதைத் துவைக்கலாம், எதைத் துவைக்கக் கூடாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

குளச்சல் கடற்கரைப்பெண்:

சேச்சி, ஓரத்தில் நாலு இழை உருவி, ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாடை, தொட்டால் உதிர்கிற சாம்பல் என்றால் பருத்தி அல்லது ரேயான். முடி பொசுங்குகிற வாடை வந்தால் பட்டு. உருகிச் சுருண்டு, ஆறினதும் மணி மாதிரிக் கட்டியானால் பாலியெஸ்டர். கலப்பு நூலாக இருந்தால் இரண்டும் தெரியும். பட்டும் ஜரிகையும் இருந்தால் நீங்கள் துவைக்க வேண்டாம், நிழலில் காற்றாட விட்டு, பழைய மல்மல் துணியில் சுற்றி வையுங்கள். பழைய மடிப்பிலேயே மறுபடி மடிக்காதீர்கள், அந்த இடத்தில்தான் கிழியும்.

டீச்சரம்மா சொன்ன சீட்டு எனக்கும் பிடித்தது. கடலுக்கு நூறு அடியில் வீடு எங்களுக்கு, குண்டூசி ஒரு வாரம் தாங்காது. ஆனால் நோட்டு விஷயத்தில் எனக்கு ஒப்பவில்லை. நோட்டு வீட்டில் இருக்கும். நாம் ஏமாறுவது கடையில் அல்லவா? பச்சைப் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்த நிமிஷத்தில் நோட்டு என்ன செய்யும்?

நான் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, அதில் என்னை மட்டும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு துணியையும் சீட்டுத் தெரிகிற மாதிரி ஒரு படம். படத்துக்குக் கீழே "பச்சை புள்ளி பருத்தி 44 பன்னா" என்று நாலு வார்த்தை. கடையில் நின்று "பச்சை" என்று தேடினால் எல்லாப் பச்சையும் வந்துவிடும். துணி தீர்ந்தால் படத்தை அழித்துவிடுவேன். எக்செல்லிலும் போட்டுப் பார்த்தேன், போனில் அதன் கட்டங்களைப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம். படத்தைப் பகலில் வாசலில் வைத்து எடுங்கள். ராத்திரி பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் மெரூனும் காப்பிக்கலரும் ஒன்றுபோல் இருக்கும், அதை நம்பி நூல் வாங்கி நான் பட்டிருக்கிறேன்.

---

திங்கள்சந்தைக்காரி:

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. முடித்துவிட்டேன், அல்லது முடித்த மாதிரிதான்.

சீட்டுப் போட்டது 87 துணி. பிட் பை நாலு கிலோவுக்கு மேல், அதை எண்ணவில்லை. லைனிங் மட்டும் 31 மீட்டர் இருக்கிறது. அதில் நான் வாரம் தவறாமல் வெட்டுகிற வெள்ளை ஒரு சாண்கூட இல்லை. மஸ்டர்ட் நிறத்தில் ஏழு மீட்டர் இருக்கிறது. மஸ்டர்ட் பிளவுஸ் என் ஆயுசில் ஒன்றோ இரண்டோதான் தைத்திருப்பேன். யாருக்காக வாங்கினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

இடத்தை மாற்றினேன். பத்தாயத்தில் இப்போது பாலியெஸ்டரும் கேன்வாஸும் மட்டும். பருத்தி முழுக்கப் பீரோவுக்கு வந்துவிட்டது. பீரோ மேற்குச் சுவரை விட்டு உள்சுவருக்குப் போயிற்று. நகர்த்தும்போது இவர் முனகிய முனகல் தெரு முனை வரை கேட்டிருக்கும். அடுக்கும்போது நிறம் பார்க்கவில்லை, என்னவாகும் என்று பார்த்து அடுக்கினேன். ஒரு மீட்டருக்கு உள்ளே என்றால் பிளவுஸ் தட்டு, இரண்டரைக்கு மேலே என்றால் டாப், நைட்டி. நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்றரை மீட்டர்கள்தான் ஏராளம். ஏன்தான் எல்லாரும் ஒன்றரை மீட்டர் வாங்குகிறோமோ.

வாட்ஸ்அப் குழுவும் ஆரம்பித்தேன். நோட்டையும் விடவில்லை, துணியைத் தொட்டுப் பார்க்கிற சுகம் போனில் இல்லை.

அம்மாவின் பெட்டி. அடியில் இரண்டு துணி பூசணம் பிடித்துத் தொட்டாலே கிழிகிறது, அதைப் போட்டுவிட்டேன். மற்றதெல்லாம் தப்பித்திருக்கிறது. ஊதாப்பூப் போட்ட, வாயில் என்கிற மெல்லிய துணி ஒன்றை விரித்தபோது ஓரக்கரையில் ஒரு சீட்டு. பழைய காலண்டர் அட்டையை வெட்டி, பின் குத்தாமல் வெள்ளை நூலால் நாலு தையல் போட்டிருக்கிறாள். "3 கெ." என்று அம்மா கையெழுத்து. டீச்சர் இங்கே எழுதியதை அம்மா எங்கே படித்தாள் என்று அரங்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்புறம் அளந்தேன். மூன்று கெஜம் என்றால் 2.74 மீட்டர் இருக்க வேண்டும். இருந்தது 1.90. எண்பது சென்டிமீட்டருக்கு மேல் காணோம். ஊதாப்பூவில் எனக்கு ஒரு பாவாடை இருந்தது, மூன்றாம் வகுப்பில். வெட்டிவிட்டுச் சீட்டில் குறிக்கவில்லை அவள்.

அந்தச் சீட்டை எடுக்கவில்லை. பக்கத்தில் என் சீட்டைத் தைத்திருக்கிறேன், நம்பர் 88, 1.90 மீட்டர், 36 பன்னா.

பச்சைப் புள்ளி மூன்றும் சேர்த்து 5.75 மீட்டர். இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு டாப் என்று சொன்னேன். மூத்தவள், தங்கச்சி போடுகிற அதே துணியைப் போட்டுக்கொண்டு கோவில் கொடைக்கு வர மாட்டேன் என்கிறாள். அவளுக்கு என்னதான் பிடிக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டினால் தேவலை.

---

மார்த்தாண்டம் மினி:

அக்கா, ஆளுக்கு இரண்டரை வெட்டினால் முக்கால் மீட்டர் மிச்சம் வருமே. விலைக்குத் தருவீர்களா? எத்தனை பன்னா?

---

திங்கள்சந்தைக்காரி:

44 பன்னா. தர மாட்டேன்.